விரிவுரை முழுக்க ரெக்கார்டிங் ஆகப்போகிறது: கல்லூரியில் நடத்துபவர்களும் படிப்பவர்களும் கொஞ்சம் சொல்லுங்கள்

வெண்பலகை:

கல்லூரியில் முதலாண்டுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். அடுத்த செமஸ்டரிலிருந்து பெரிய வகுப்புகளின் விரிவுரை எல்லாம் ரெக்கார்டு செய்த வீடியோவாகப் போகும், வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் நேரலையில் சந்தேகம் கேட்கலாம், அதுவும் ஆன்லைனில்தான் என்று எங்கள் துறையில் ஒரு திட்டம் வந்திருக்கிறது. மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள், பெரும்பாலும் "சூப்பர்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். போன தடவை ஆன்லைனில் எடுத்தபோது வகுப்புச் சராசரியும் பெரிதாக விழவில்லை. "சராசரி அப்படியேதானே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள்.

சராசரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பே. மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. நன்றாகப் படிப்பவர்கள் இன்னும் மேலே போயிருக்கிறார்கள், தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கீழே போய்விட்டார்கள், வழக்கமாக நடுவில் இருக்கும் கூட்டத்தைக் காணோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திட்ட விலக்கம் கணக்கிடும்போது தரவுகளின் எண்ணிக்கையால் வகுக்காமல் அதில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம் இல்லையா, அந்த இடத்தில் வகுப்பறையில் புருவங்கள் ஒன்றாகச் சுருங்கும். யாரும் கை தூக்க மாட்டார்கள், ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள். சரி, இங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும், மூன்று எண்களை வைத்துப் பலகையில் செய்து காட்டினால் தெளிந்துவிடும். ஆன்லைனில் அதே இடத்தில் "புரிந்ததா?" என்று கேட்டால் வழக்கமாகப் பதில் சொல்லும் ஒரே மாணவி "யெஸ் மேம்" என்பாள். மற்றதெல்லாம் பெயரின் முதலெழுத்து மட்டும் தெரியும் கறுப்புக் கட்டங்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகும் இரண்டு மூன்று கட்டங்கள் அப்படியே நிற்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது.

நான் ஆன்லைனுக்கு எதிரி இல்லை. இந்தத் திட்டத்துக்குச் சரி சொல்வதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. "நேரில் இருப்பது போல வராது மேடம்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எனக்கும் தெரியும்.

கடைசிபெஞ்ச்:

மேடம், நான் இறுதியாண்டு. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கேமராவை அணைத்து வைத்திருப்பவன் எல்லாம் தூங்குகிறான் என்று நினைக்காதீர்கள். ஒரே அறையில் தம்பி ஒரு பக்கம் படிக்கிறான், பின்னால் துணி காய்கிறது, அதை எண்பது பேருக்கு ஏன் காட்ட வேண்டும்? நெட் இழுக்கும்போது வீடியோவை நிறுத்தினால்தான் குரலாவது ஒழுங்காக வரும். நம் முகத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வதை. ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் என்ற பேராசிரியர் 2021-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் வீடியோ சந்திப்பு ஏன் ஆளைக் களைப்பாக்குகிறது என்பதற்கு நாலு காரணம் சொன்னார், அதில் ஒன்று இதேதான். மற்ற மூன்று: எல்லா முகமும் மிக நெருக்கத்தில் நம்மையே முறைப்பது போல இருப்பது, நகராமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருப்பது, தலையசைப்பைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது.

ரெக்கார்டிங் எனக்கு வரம்தான். வகுப்பில் ஒரு வரி தவறிப்போனால் அதற்கப்புறம் முழு மணி நேரமும் போச்சு, வீடியோவில் பின்னால் போய்க் கேட்கலாம். வேகத்தைக் கூட்டியும் கேட்கலாம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் செய்த ஒரு ஆய்வில் இரண்டு மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை என்று வந்ததைப் படித்ததிலிருந்து எனக்குக் குற்றவுணர்ச்சியும் போய்விட்டது.

ஆனால் உங்கள் வரைபடத்தில் விழுந்த பள்ளம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். "வீடியோதானே, எங்கே போகப்போகிறது" என்று முதல் வாரம் தள்ளிப்போடுவோம். நாலாவது வாரத்தில் இருபது வீடியோ குவிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கும், திறந்தால் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடுமே. என் அறைத்தோழன் ஒரு பாடத்தை இப்படித்தான் விட்டான். அவன் மக்கு இல்லை, என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். வரவில்லையே, என்ன ஆச்சு என்று கேட்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். நேர் வகுப்பில் இரண்டு நாள் போகாவிட்டால் நண்பனாவது கேட்பான்.

கருத்துக் கேட்பில் நானும் "சூப்பர்" என்றுதான் போட்டிருப்பேன். காலையில் எழுந்து ஓட வேண்டாம் என்பதற்காக.

தொலைக்கல்வி_பழசு:

தொலைநிலைக் கல்வியில் பாடம் வடிவமைக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 2020-ல் நடந்ததை ஆன்லைன் கல்வி என்று எடைபோடக் கூடாது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே சார்ல்ஸ் ஹாட்ஜஸும் சிலரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதற்கு அவசரகாலத் தொலைப் பயிற்றுவிப்பு என்று தனிப் பெயரே வைத்தார்கள். ஒரு ஆன்லைன் பாடத்தை ஒழுங்காகத் தயார் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அப்போது கிடைத்தது சில நாள். அந்த அனுபவத்தை வைத்து "ஆன்லைன் உதவாது" என்பவர்களும் சரி, "பார்த்தீர்களா, சமாளித்துவிட்டோம், இனி இப்படியே போகலாம்" என்பவர்களும் சரி, இரண்டு பேரும் தீயணைப்பு நாளை வைத்து வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தொலைவிலிருந்து பட்டம் படிப்பது புதிதும் இல்லை. பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி 1971-லேயே மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. பிபிசியில் பாடம் வந்தது என்பதைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாணவர்களுக்கு டியூட்டர் என்று ஒருவர் இருந்தார், எழுதி அனுப்பும் பயிற்சித் தாள்களைத் திருத்தி ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைப் பெட்டி வீட்டுக்கே போனது, கோடையில் ஒரு வாரம் நேரில் கூடிப் படித்தார்கள். ஒளிபரப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. இன்றைக்கு "வீடியோவைப் போட்டுவிட்டோம், பாடம் முடிந்தது" என்பவர்கள் செலவு பிடிக்கும் பாதியைக் கழற்றிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் பாடத்துக்கே வருகிறேன். 2013 ஜனவரியில் அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனமும் சேர்ந்து மூன்று ஆன்லைன் பாடம் தொடங்கினார்கள். இரண்டு கணிதம், ஒன்று அடிப்படைப் புள்ளியியல். தேர்ச்சி விகிதம் படுமோசமாக வந்தது, ஜூலையிலேயே நிறுத்திவைத்தார்கள். கோடைகாலத்தில் நடத்திய சுற்றில் முடிவு நன்றாக இருந்தது, ஆனால் அந்தச் சுற்றில் சேர்ந்தவர்களில் நிறைய பேர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். உங்கள் வரைபடத்தில் இருப்பதும் இதே கதைதான், படிக்கத் தெரிந்தவனுக்கு எப்படிக் கொடுத்தாலும் படித்துவிடுவான்.

யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய திறந்தநிலை ஆன்லைன் பாடங்களிலும் அதேதான். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-ல் சயன்ஸ் இதழில் வந்த கணக்குப்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சும்மா எட்டிப்பார்க்கச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம், அதனால் அந்த எண்ணை அப்படியே கல்லூரிக்குப் பொருத்த முடியாது. வாஷிங்டன் மாநில சமுதாயக் கல்லூரிகளின் தரவை எடுத்து ஆராய்ந்த டி ஷூவும் ஷானா ஜாகர்ஸும் கண்டது உங்களுக்கு இன்னும் நெருக்கமானது: ஆன்லைனில் எல்லாத் தரப்பு மாணவர்களும் கொஞ்சம் பின்தங்கினார்கள், ஏற்கெனவே மதிப்பெண் குறைவாக இருந்தவர்கள் அதிகமாகப் பின்தங்கினார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் 2020-ல் பொருளாதார வகுப்புக்கு மாணவர்களைக் குலுக்கல் முறையில் நேர் வகுப்பு, ஆன்லைன் என்று பிரித்தபோதும் இப்படித்தான் வந்தது. குலுக்கல் என்பதால் "சோம்பேறிகள் ஆன்லைனைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று தட்டிக்கழிக்க முடியாது. கூட்டத்துக்கு இதை எடுத்துப்போங்கள்.

வீடியோ நீளத்தையும் கேளுங்கள். எட்எக்ஸ் தரவை வைத்து 2014-ல் செய்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. ஐம்பது நிமிட விரிவுரையை அப்படியே பதிவு செய்து போடப்போகிறார்கள் என்றால் அது ஆவணக்காப்பகம், பாடம் இல்லை.

இரவுப்பறவை:

எல்லோரும் பதினெட்டு வயதுக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேலை இருக்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை, முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். ஆன்லைன் இல்லை என்றால் எனக்குப் படிப்பே இல்லை. "நேரில் என்றால் இன்னும் நன்றாகக் கற்றிருப்பாய்" என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது, நேரில் என்றால் நான் கற்றிருக்கவே மாட்டேன். அந்த ஒப்பீட்டில் நான் எங்கே இருக்கிறேன்?

ஆனால் பெயருக்கு ஆன்லைன் என்று சொல்லிவிட்டு மாலை ஆறு மணிக்கு நேரலையில் இருந்தே ஆக வேண்டும், கேமரா போட்டால்தான் வருகைப்பதிவு என்று ஒரு பாடத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம் அது. இன்னொரு பாடத்தில் நேரலையே கிடையாது, வாரம் ஒரு சின்ன வினாத்தாள், ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும், தவறவிட்டால் மறுநாள் அந்தப் பேராசிரியரிடமிருந்து இரண்டு வரி வரும், "பார்க்கவில்லையே, எல்லாம் சரிதானா?" என்று. கணினி தானாக அனுப்புகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். போன முறை நான் எழுதிய விடையைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார், ஆள்தான். அந்தப் பாடத்தில் ஒரு வாரம்கூட விடவில்லை.

ஏட்டிக்குப்போட்டி:

நடுவில் ஒரு கேள்வி. நேர் வகுப்பு என்றால் ஏதோ எல்லோரும் கண்ணை விரித்து உட்கார்ந்து கற்றது போலப் பேசுகிறோமே, முந்நூறு பேர் உட்காரும் ஹாலில் கடைசி வரிசையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாதா? பழுப்பேறிய நோட்டைப் பார்த்து வாசித்துவிட்டுப் போனவர்களிடம்தான் நான் படித்தேன். அதற்கு வீடியோ எவ்வளவோ மேல், நிறுத்தவாவது முடியும். மோசமான ஆன்லைனை நல்ல நேர் வகுப்போடு ஒப்பிடுவது ஏமாற்று வேலை.

வெண்பலகை:

இதை ஒத்துக்கொள்கிறேன். பெரிய ஹாலில் மூன்றாவது வரிசைக்கு அப்பால் எனக்கும் முகம் தெரியாது. ஆனால் அந்த மூன்று வரிசை போதும், அங்கே புரியவில்லை என்றால் பின்னாலும் புரிந்திருக்காது.

மாணவர் விருப்பத்தைப் பற்றி ஒன்று. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஒரு சோதனை 2019-ல் வெளிவந்தது. விரிவுரையை உட்கார்ந்து கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள், தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள், தேர்வில் நேர்மாறாக வந்தது. அது நேர் வகுப்பில் நடந்ததுதான், ஆனால் "சூப்பர்" என்ற கருத்துப் படிவத்தை அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. @கடைசிபெஞ்ச் சொன்னதைப் படித்ததும் இன்னும்.

இரவில் பதினோரு மணிக்கு வரும் மெசேஜ்களை யாரும் சொல்லவில்லையே? வகுப்பறையில் ஒருவர் கேட்டால் எல்லோருக்கும் பதில் ஆகிவிடும். இப்போது ஒரே சந்தேகம் தனித்தனியாக வருகிறது, தனித்தனியாக எழுதுகிறேன். எங்கள் பணிச்சுமைக் கணக்கில் இதற்கு ஒரு பத்தியே கிடையாது. அப்புறம் தேர்வை என்ன செய்கிறீர்கள்?

சோதனைக்குழாய்:

வேதியியல் ஆய்வகம் என் பக்கம். ஆன்லைன் ஆய்வகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: சிமுலேஷனில் டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) செய்தால் நிறம் மாறும் புள்ளியைத் தாண்டவே முடியாது போல அழகாக நிற்கும். நிஜத்தில் சொட்டு விடும் குழாயான பியூரெட்டின் திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் ஒரே சொட்டில் வெளிறிய இளஞ்சிவப்பு அடர் சிவப்பாகி, முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த ஒரு சொட்டுக்காகத்தான் ஆய்வகம். முன்தயாரிப்புக்குச் சிமுலேஷன் நல்லது, செய்முறை வரிசை மனதில் பதிந்துவிடும், உடைப்பதும் குறையும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தேர்வு பெரிய தலைவலி. மென்பொருள் கண்காணிப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. யோசிக்கும்போது கூரையைப் பார்க்கும் பிள்ளையைச் "சந்தேகத்துக்குரியது" என்று குறிக்கிறது, அதை உட்கார்ந்து பார்த்து இல்லை என்று சொல்வது என் வேலை. அமெரிக்காவில் க்ளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வேதியியல் தேர்வுக்கு முன் படுக்கையறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டார், 2022-ல் நீதிமன்றம் அது நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நாலாவது திருத்தத்துக்கு எதிரானது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது, வீட்டிலிருந்து எழுதும் கட்டுரைத் தேர்வுகளின் கதை அதோடு முடிந்தது என்றே நினைக்கிறேன். நான் இப்போது விடைத்தாளுக்குக் குறைந்த மதிப்பெண்ணும், அதைப் பற்றி ஐந்து நிமிடம் வாய்மொழித் தேர்வுக்கு மீதியும் வைக்கிறேன். "இந்த மூன்றாவது வரியில் ஏன் வகுத்தாய்?" என்று கேட்டால் போதும், எழுதியது யார் என்று தெரிந்துவிடும். ஐம்பது பேர் வரை இது ஓடும். இருநூறு பேருக்கு ஓடாது, அப்போது நேரில் அழைத்து எழுத வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:

சார், வாய்மொழித் தேர்வு என்றால் வயிற்றைக் கலக்கும்தான், ஆனால் கண்ணைக் கண்காணிக்கும் மென்பொருளைவிட அது எவ்வளவோ பரவாயில்லை. ஆளாவது எதிரில் இருக்கிறார்.

தொலைக்கல்வி_பழசு:

@வெண்பலகை, கூட்டத்துக்கு இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று, "வாரம் ஒரு மணி நேரச் சந்தேக நேரம்" யாருக்கு என்று கேளுங்கள். சந்தேகம் கேட்கத் தெரிந்தவன்தான் அதற்கு வருவான், உங்கள் வரைபடத்தில் கீழே போனவன் வர மாட்டான். வீடியோவைத் திறக்காதவர்களின் பட்டியல் கற்றல் தளத்திலேயே இருக்கும், முதல் இரண்டு வாரத்துக்குள் அவர்களைத் தொடர்புகொள்ளும் வேலை யாருடையது, அந்த நேரம் பணிச்சுமையில் சேருமா? @இரவுப்பறவை சொன்ன பேராசிரியர் தன் சொந்த நேரத்தில்தான் அந்த இரண்டு வரியை எழுதுகிறார் என்று பந்தயம் கட்டுகிறேன். விரிவுரை நேரம் மிச்சமாகிறது என்கிறார்கள் அல்லவா, அந்த மிச்சம் சிறு குழு வகுப்புகளுக்கும் இதற்கும் வருகிறதா அல்லது உங்களுக்கு இன்னொரு பிரிவு கூடுதலாக விழுகிறதா என்று பார்த்தாலே திட்டத்தின் நோக்கம் தெரிந்துவிடும்.

இரண்டு, ரெக்கார்டிங் யாருக்குச் சொந்தம்? கனடாவில் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் ஒரு மாணவர் கலை வரலாற்று ஆன்லைன் வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க மின்னஞ்சல் முகவரியைத் தேடும்போதுதான் விரிவுரையில் பேசும் பேராசிரியர் 2019-லேயே இறந்துவிட்டது தெரிந்தது. பாடத்தை நடத்தவும் திருத்தவும் வேறு ஆட்கள் இருந்தார்கள், பல்கலைக்கழகமும் விதியை மீறவில்லை. ஆனால் நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகும் உங்கள் குரல் அங்கே பாடம் நடத்தலாமா, எத்தனை ஆண்டுக்கு, தப்பு இருந்தால் யார் திருத்துவது, இதையெல்லாம் கேமரா முன் நிற்பதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவுப்பறவை:

மூன்றாவதாக நான் ஒன்று சேர்க்கிறேன்: வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓட வேண்டும். காது கேளாதவர்களுக்கு மட்டும் இல்லை, குழந்தை தூங்கும்போது சத்தமில்லாமல் படிப்பவர்களுக்கும் அதுதான் வழி. தானியங்கி எழுத்தை அப்படியே விடாதீர்கள் மேடம், போன மாதம் எங்கள் பாடத்தில் ஒரு சூத்திரத்தின் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயராக வந்தது.

வெண்பலகை:

குறித்துக்கொண்டேன். கூட்டம் வியாழக்கிழமை. அந்த வரைபடத்தைப் போன மூன்று ஆண்டுகளுக்கும் போட்டு எடுத்துப்போகிறேன், கூடவே முதல் இரண்டு வாரத்தில் வீடியோவைத் திறக்காதவர்கள் கடைசியில் எங்கே நின்றார்கள் என்பதையும். தரவு கேட்டு இன்று காலை எழுதியாயிற்று, கொடுப்பார்களா தெரியவில்லை.